வலம் அக்கா ஓடிய எண்ணூறு மீட்டர்

அண்ணாமலையாரைத் தவிர வேறு எந்த நடுவருக்கும் கட்டுப்படாத ஓட்டக்காரர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் வலம் அக்காதான்.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் இளநீர் விற்பவர். திருநங்கை. தினமும் விடிந்ததும் மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டரும் வெறுங்காலில் ஓடுவார். மலை எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். ஆட்டோக்காரர் ரிவர்ஸ் எடுத்தால் இறங்கிக்கொள்வார். தோசை மாவைக்கூட வலமாகத்தான் தேய்ப்பார்.

பள்ளியில் பையன்கள் வரிசையில் ஓடி ஜெயித்தவர். பெண்ணாக வாழத் தொடங்கிய பிறகு அவரை எந்த வரிசையிலும் சேர்க்கவில்லை. போன வருடம் ஊர் விளையாட்டு விழாவில் பெண்கள் எண்ணூறு மீட்டருக்குப் பெயர் கொடுக்கப் போனார். படிவத்தில் ஆண், பெண் என்று ரெண்டு கட்டம்தான் இருக்கிறது என்று சொல்லி, இளநீர் மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

அக்கா விடவில்லை. வேங்கிக்காலில் இருக்கும் அரசு அலுவலகங்களுக்கு எத்தனை நடை நடந்தாரோ, இந்த வருடம் அனுமதிக் கடிதத்தோடு வந்து நின்றார்.

“கடைசியா வந்தாக்கூட பரவால்ல சார். லிஸ்ட்ல என் பேரு இருக்கணும்” என்றார். சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த விழாவில் நேரம் கணக்கிடும் கருவி என் பொறுப்பு. காலில் சிப் கட்டிவிடும்போதுதான் எனக்கு உறைத்தது: மைதானத்தில் எல்லோரும் வலமாக அல்ல, இடமாகத்தான் சுற்றி ஓட வேண்டும். சொன்னேன். அக்கா முகம் வாடிவிட்டது.

“இடமா சுத்தச் சொல்றியா பாப்பா?”

“இது மைதானம்க்கா. மலை இல்ல.”

“இங்கேர்ந்து மலை தெரியுதா இல்லியா?”

தெரிந்தது. எங்கள் ஊரில் அது ஒரு பெரிய தொல்லை.

கொஞ்ச நேரம் மலையையே பார்த்தார். பிறகு கோட்டில் போய் நின்றார். எட்டுப் பேர் ஓடினார்கள். இடமாக ரெண்டு சுற்று. அக்கா நாலாவதாக வந்தார்.

வந்தவர் நிற்கவில்லை. கோட்டைத் தொட்டுக் கும்பிட்டார், திரும்பினார், வலமாக ஓடத் தொடங்கினார். நடுவர் விசில் ஊதிக்கொண்டே துரத்தி, பாதி வழியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்த போட்டிக்கு நின்றிருந்த பெண்கள் கைதட்டினார்கள். சுற்றிய ரெண்டு சுற்றையும் ரெண்டு சுற்றால் நேர் செய்துவிட்டுத்தான் அக்கா நின்றார்.

இதற்குள் விழாப் பொறுப்பாளர் என் மேசைக்கு வந்துவிட்டார். “ஏம்மா, எட்டுப் பேர் ஓடுன போட்டில ஒம்பதாவதா யாரு வந்தது?”

என் கருவி நேர்மையானது. ரெண்டு சுற்று முடித்துக் கோட்டைக் கடந்தால் ஒருவர் வந்து சேர்ந்ததாகக் கணக்கு; அக்கா மறுபடி ரெண்டு சுற்று முடித்ததையும் அப்படியே குறித்திருந்தது. பட்டியலில் நாலாவது அவர் பெயர், ஒன்பதாவதும் அவர் பெயர்.

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே திரையை எட்டிப் பார்த்தார். “ரெண்டு வாட்டி வந்திருக்கா பேரு?”

“ஒண்ணு தப்புக்கா. எடுத்துடணும்.”

“இருக்கட்டும் பாப்பா. போன வருஷம் விட்டுப்போச்சு இல்ல?”

அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளில் திருத்திவிட்டேன். என் மடிக்கணினியில் இருக்கும் பட்டியலில் இன்றைக்கும் எட்டுப் பேர்தான் ஓடியிருக்கிறார்கள், ஒன்பது பேர் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.