அஞ்சு மணி ஆசாரியின் உலை

சூரியனுக்கே வேலை நேரம் பிரித்துக் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் அஞ்சு மணி ஆசாரிதான். வெள்ளைக்காரன் ராஜ்யத்தில் சூரியன் மறையாது என்று யாராவது பெருமையடித்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "மறையாட்டி போவட்டும். அதுக்கு நாம இன்னாத்துக்கு ராத்திரி வரிக்கும் வேவணும்?" என்பார்.

யுத்த காலம் அது. ஆவடியில் பட்டாளத்துக்குக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அதற்குக் கல் கொத்தும் களம் திருநின்றவூர் ஏரிக்கரையில் இருந்தது. அங்கே மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டைச் சம்மட்டியால் அடித்து, வேலை தொடங்கவும் முடிக்கவும் சொல்வது என் உத்தியோகம். விடிந்ததும் அடிப்பேன், நன்றாக இருட்டிய பிறகு அடிப்பேன். கன்ட்ராக்டர் உத்தரவு அப்படி.

கருங்கல் உளியைத் தின்றுவிடும். கொஞ்சம் கொத்தினாலே முனை மழுங்கும். உலையில் காய்ச்சித் தட்டி, தண்ணீரில் தோய்த்துப் பதம் ஏற்றினால்தான் மறுபடி கொத்தலாம். அந்த உலைதான் ஆசாரியின் சமஸ்தானம். நெருப்போடு சண்டை போடுவார், உளியை வைவார், உளி கொண்டுவந்தவனின் பரம்பரையையே இழுப்பார். ஆனால் வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது.

ஒரு நாள் அந்தி மசங்கிய நேரத்தில் சில்லு தெறித்து, கல்தச்சர் அந்தோணியின் இடது கண் போய்விட்டது. மறுநாள் கல்தச்சர்கள் புளியமரத்தடியில் சங்கம் கூடினார்கள். அஞ்சு மணிக்கு மேல் உளியைத் தொடுவதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அதைக் கன்ட்ராக்டரிடம் யார் சொல்வது என்றதும் ஒவ்வொருவருக்கும் வீட்டில் அவசர வேலை வந்துவிட்டது.

"நான் சொல்றேன்" என்றார் ஆசாரி.

"நீ கொல்லனாச்சே. இது கல்தச்சர் சங்கம்" என்றார் தலைவர்.

"அப்போ உளி இன்னா உன் மாமியா ஊட்லேர்ந்து சீரா வருதா?"

அன்று மாலை அரக்கோணம் ரயில் வண்டி ஊதியது. மணி அஞ்சு. ஆசாரி ஒரு குடம் தண்ணீரை எடுத்து உலையில் கவிழ்த்தார். களமே புகை மண்டியது. இருமிக்கொண்டே ஓடி வந்தார் கன்ட்ராக்டர்.

"யோவ், இன்னாய்யா பண்றே?"

"நெருப்புக்குக் கண்ணு சொருவிக்கினு வந்துச்சு மொதலாளி. தூங்க வெச்சிட்டேன்."

"மரியாதையா மூட்டு! இல்லாட்டி வேலை காலி!"

"வேலை போனா வேற வேலை கீது. கண்ணு போனா எந்தக் கடையில கீது? சொல்லு, வாங்கிக்கினு வரேன்."

வேலை போயிற்று. மறுநாள் பட்டணத்திலிருந்து புதுக் கொல்லர் வந்தார். இரும்பு வெட்டும் உளிக்குப் பழகிய கை. கருங்கல்லுக்கு அந்தப் பதம் ஆகாது என்பது அவருக்குத் தெரியவில்லை. முதல் அடியிலேயே முனைகள் ஒடிந்து பறந்தன. ஒன்று கன்ட்ராக்டரின் தொப்பியைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கே போய்விட்டது.

கல்தச்சர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். "உளி இல்லாம கல்லைப் பல்லால கடிக்கறதா?" என்றார் தலைவர். அவருக்கு வீரம் வந்ததை அன்றுதான் பார்த்தேன். வேலிக்கு வெளியே காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஆசாரியோ, வண்டி ஊதும்போதெல்லாம் "அஞ்சு மணி!" என்று ஊரே அதிரக் கத்துவார். பெயர் அப்போது ஒட்டிக்கொண்டதுதான்.

பட்டாளத்து அதிகாரி கல் எங்கே என்று காய்ச்சி எடுத்த பிறகு, கன்ட்ராக்டர் தாமே வேலியோரம் போனார்.

"வந்து தொலைய்யா. அஞ்சு மணிக்கே முடிச்சுக்கலாம்."

"அந்தோணி எனக்குத் துருத்தி ஊதுவான். அவனுக்கும் வேலை குடு."

"சரி, குடுக்கறேன்."

அன்று அஞ்சு மணிக்குக் கன்ட்ராக்டர் என்னை முறைத்துக்கொண்டு நின்றார். சம்மட்டியைத் தூக்கியவன் அவரையே பார்த்தேன். உலைப் பக்கமிருந்து குரல் வந்தது: "ஓங்கி அடி நைனா! ஆவடி பட்டாளத்துக்கே கேக்கட்டும்!"

அடித்தேன். என் வாழ்நாளில் அப்படி எதையும் அடித்ததில்லை.

சங்கத்திலும் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். சேர்ந்த அன்றே தலைவரோடு சண்டை.

அதன்பிறகு தினமும் நல்ல வெயிலிலேயே ஆசாரியும் அந்தோணியும் வீட்டுக்குக் கிளம்புவார்கள். வழியெல்லாம் ஆசாரி வெயிலை வைவார், ரோட்டை வைவார், எதிரே வரும் மாட்டு வண்டியை வைவார். அவர்கள் தலை மறையும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். அத்தனை பொல்லாத வாய் கொண்ட அந்த மனிதர், ஒரு நாள்கூட அந்தோணியின் இடது பக்கத்தை விட்டு நடந்ததில்லை.