முதல் வருஷம் மரத்தைத் தொடாதே!

வருகிற ஞாயிறு முதல் நான் ஒட்டடை அடிக்கப் போவதில்லை! இது சபதம். ஃபேன் துடைக்க மாட்டேன். திரைச்சீலை அலச மாட்டேன். நான் இப்போது காட்டுக்குச் சொந்தக்காரன் ஐயா!

மாமனார் போகும்போது என் பேருக்கும் என் மனைவி பேருக்கும் சேர்த்து இரண்டு ஏக்கர் காட்டை எழுதி வைத்துவிட்டுப் போனார். எனக்கு மரம் என்றால் நாற்காலி வரைதான் தெரியும். அதனால், புதிதாகக் காடு கிடைத்தவர்களுக்கென்றே நடக்கும் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன்.

முதல் பாடத்திலேயே வாத்தியார் அருள்வாக்குச் சொன்னார்: "முதல் வருஷம் எந்த மரத்தையும் தொடாதீங்க. சும்மா உட்கார்ந்து பாருங்க. வெயில் எங்க விழுது, தண்ணி எங்க தேங்குது, பறவை எங்க கூடு கட்டுது, எல்லாத்தையும் பாருங்க."

சும்மா உட்கார்! எந்த வாத்தியாரும் எனக்கு இவ்வளவு அழகாகப் பாடம் நடத்தியதில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷத்தில் சமையலறைக்கு ஓடினேன்.

"இந்தா பாரு, இனிமே ஞாயித்துக்கிழமை நான் காட்டுலதான் இருப்பேன்."

"அங்க என்ன வேலை?"

"உட்கார்ற வேலை. வாத்தியார் உத்தரவு!"

"அப்போ ஒட்டடை?"

"அடுத்த வருஷம் பார்ப்போம்."

பூகம்பம் வரும் என்று காதைப் பொத்தத் தயாரானேன். அவளோ, "படிப்புன்னா படிப்புதான். நல்லா படிங்க" என்றாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். நான் மடக்கு நாற்காலி வாங்கக் கடைக்குப் பறந்தேன், லேப்டாப்பைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு.

அடுத்த வகுப்பு நேரலை. வாத்தியார் வாயாலேயே கேட்கட்டும் என்று அவளையும் பக்கத்தில் உட்கார வைத்தேன். வாத்தியார் என்னைப் பார்த்ததும் கைகூப்பினார்.

"சார், நீங்க அனுப்பின மெசேஜைப் படிச்சுக் கண் கலங்கிட்டேன். 'சும்மா உட்கார என்னால முடியாது, கை நமநமங்குது, இடுப்பு வளைஞ்சு செய்யற மாதிரி ஒரு வேலை குடுங்க'ன்னு கெஞ்சியிருக்கீங்களே!"

"நானா?"

"தன்னடக்கம் வேற! மரத்தைத்தான் தொடக் கூடாது. மரத்தை நெரிக்கிற முள்கொடியைப் பிடுங்கலாம். சார் இனிமே வாராவாரம் வேரோட பிடுங்கி நமக்கு போட்டோ அனுப்புவார். எல்லாரும் கை தட்டுங்க!"

திரையில் இருந்த அத்தனை கட்டங்களிலும் கைதட்டல். என் பக்கத்தில் அதைவிடப் பலமாக.

"அடிப்பாவி! நீதானே அனுப்பினே?"

"உங்க ஆர்வம் நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமா!"

ஞாயிற்றுக்கிழமை. காடு. இடுப்பு ஒடிய முள்கொடி இழுக்கிறேன். கையெல்லாம் கீறல். என் புத்தம்புது நாற்காலியில், மர நிழலில், ஃபிளாஸ்க் டீயோடு அவள்.

"நீயும் கொஞ்சம் கை குடுக்கக் கூடாதா?"

"ஐயையோ! நானும் சொந்தக்காரிதானே? முதல் வருஷம் சும்மா உட்கார்ந்து பார்க்கணும்னு வாத்தியார் சொல்லியிருக்காரே! பார்த்துட்டுதான் இருக்கேன். நீங்க சீக்கிரம் முடிங்க, வீட்டுக்குப் போய் ஒட்டடை அடிக்கணுமில்ல?"