பேருந்து நிற்கிற இடம்

“ரோட்டுல நிக்கிறவன் பஸ்ஸை நம்பலாம், ஆனா...” என்று இன்பசேகரனின் பெரியப்பா ஏதோ சொல்வார். ‘ஆனா’வுக்குப் பிறகு வந்தது மஸ்கட்டில் இருந்த காலத்தில் மறந்துபோயிற்று. ஊர் திரும்பி மிஷன் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராகச் சேர்ந்தவருக்கு, கே.கே. நகர் மெயின் ரோட்டில் நின்றபோதுதான் மறந்தது நஷ்டம் என்று தெரிந்தது. இன்னொரு தடவை தாமதமானால் வேலை இல்லை என்று தலைமையாசிரியை சிஸ்டர் ஆனிமேரி சொல்லிவிட்டார்.

டவுன் பஸ் எல்லாம் அவரைத் தாண்டியே ஓடின. ஒருநாள் சிக்னலில் டிரைவரை மடக்கினார்.

“ஏன்ணே நிறுத்த மாட்டேங்கிறீங்க?”

“போர்டைப் பாருங்கண்ணே. ‘பேருந்து நிறுத்தம்’னு போட்டிருக்கு. அப்படின்னா இங்க பஸ் விடுறதையே நிறுத்தியாச்சுன்னு புது ஆபீசர் சர்க்குலர் விட்டுட்டாரு.”

எதிர்ப்புறம் ‘ஆட்டோ நிறுத்தக் கூடாது’ என்றொரு பலகை. அதன்படி ஷேர் ஆட்டோக்களை யாரும் நிறுத்தக் கூடாது. போலீஸாலும் முடியவில்லை, பயணிகளாலும் முடியவில்லை.

இன்பசேகரன் புகார் சொல்லப் போனபோது, சர்க்குலர் விட்ட வழித்தட அலுவலர் அருள்பாண்டி மரியாதையாக நாற்காலி போட்டார்.

“தமிழய்யாவே வேற வாசகம் சொல்லுங்க.”

“பேருந்து நிற்கும் இடம்.”

“நிற்கும்னா எதிர்காலம். நிதி ஒதுக்கீடு வரணும்.”

“நின்ற இடம்?”

“தொல்லியல் துறை வந்துரும்யா. கீழக்குயில்குடி சமணர் மலைக்கு அடுத்தது நம்ம ரோடுதான்.”

“அப்ப, நிற்கிற இடம்!”

“நிகழ்காலம். பிரமாதம். ஆனா அரசுப் பலகை பொய் சொல்லக் கூடாதுல்ல?”

பலகையின் வாய்மையைக் காக்கும் பொருட்டு, பழுதான பஸ் ஒன்று இழுத்துவரப்பட்டு, மாலை மரியாதையுடன் அங்கே நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. இடம் அடைபட்டதால் ஓடுகிற பஸ்கள் வேறு ரோட்டுக்குப் போய்விட்டன. விதிப்படி நிற்கிற பஸ்ஸுக்குக் கண்டக்டரும் நியமிக்கப்பட்டார்.

சண்டை போட வந்த ஜனம் ஏறி உட்கார்ந்துகொண்டது. இன்பசேகரனும் ஏறிப் பார்த்தார்.

“எங்க போகணும் ஆத்தா?” என்று கண்டக்டர் பூக்கார முருகம்மாளிடம் கேட்டார்.

“எங்க போறது? சன்னலோரம் சீட்டு கிடைச்சிருக்கு, விட்டுட்டுப் போகவா? எம்புட்டு சொகமா இருக்கு, குலுங்கவே இல்ல!”

“தள்ளி உக்காரு மாப்ள, பின்னாடி ஆள் ஏறுது!” என்று படிக்கட்டில் தகராறு.

இன்பசேகரன் இறங்கப் போகையில் போன் அடித்தது. சிஸ்டர் ஆனிமேரி.

“சார், பஸ் ஏறிட்டீங்களா?”

“ஏறிட்டேன் சிஸ்டர், இந்த பஸ் வந்து...”

“ஏறிட்டீங்கல்ல, போதும். நிர்வாகத்துல முடிவாயிருச்சு. பஸ்ஸுல இருக்கிறவர் வராதவர் இல்ல, வந்துகிட்டிருக்கிறவர். வேலைக்குப் பயமில்ல.”

“சிஸ்டர், பஸ் நகரவே...”

“சத்தம் போடாதீங்க சார். நானும் இதே பஸ்ஸுல முன்சீட்டுலதான் இருக்கேன்.”

இன்பசேகரன் மாதாந்திர பாஸ் எடுத்தார்.