கோல் கம்பத்தடித் தேரை

பெத்ரா மான்சா ஊரில் அந்த ஞாயிற்றுக்கிழமை கூடிய கூட்டம் கால்பந்து ஆட்டம் பார்க்க வந்ததல்ல. ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் ஒரு பஸ்ஸில் அடங்கிவிடுவார்கள். இவர்கள் தேரையைப் பார்க்க வந்தவர்கள். மைதானத்து மதில்மேல் ஆள், தண்ணீர்த் தொட்டிமேல் ஆள், மாமரக் கிளையில் காய்க்குப் பதில் ஆள். பாதிரியார்கூடப் பூசையைச் சுருக்கி முடித்துவிட்டுக் குடையோடு வந்திருந்தார். சும்மா வேடிக்கைக்குத்தானாம்.

ஊர்க் கழகம் தோற்றுக்கொண்டே இருந்தது. ஏன் என்பதை, ஊர் ஊராகப் போகிற மகான் எவிலாசியோ கண்டுபிடித்துவிட்டார். யாரோ எதிரிகள் சூனியம் வைத்து ஒரு தேரையின் வாயைத் தைத்துக் கோல் கம்பத்தடியில் புதைத்திருக்கிறார்கள்! ஊரே தலையாட்டியது. சந்தையில் மீன் வாங்கும்போது செவுளைப் புரட்டிப் பார்த்து, முகர்ந்து, முகம் சுளித்து, பாதி விலைக்குக் கேட்கிற ஊர் அது. மகானை வாங்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டது.

"தேரைய எடுத்துட்டாப் பந்து தானா உள்ள போகும்," என்று மகான் கழகத் தலைவர் அதெமாரிடம் சொல்லியிருந்தார். "ஆனா அது சும்மா வரல. சில்லிட்ட காலு ஒண்ணு கூட்டிட்டு வந்திருக்கு. அந்தக் காலையும் சேர்த்து அனுப்பணும்."

அந்தப் பக்கத்தில் ராசியில்லாதவனைக் கால் சில்லிட்டவன் என்பார்கள். மகான் சொன்ன கால், பயிற்சியாளர் ஒலெகாரியோவுடையது.

ஒலெகாரியோ பார்க்காத கழகம் இல்லை. ஆற்றுச் சேற்றில் ஆடுகிற கழகம், மலைக்குளிரில் ஆடுகிற கழகம், சம்பளத்துக்குப் பதில் காப்பிக்கொட்டை மூட்டை கொடுத்த கழகம். நாலு ஆட்டம் தோற்றால் வீரர்களை மாற்றுவது கஷ்டம். வாத்தியாரை மாற்றுவது சுலபம், ஒரு கைகுலுக்கலில் முடிந்துவிடும். எனவே அவர் கை நிறையக் குலுக்கப்பட்டிருந்தது. அவர் மனைவி ஜுரேமா வீட்டுச் சாமான் பெட்டிகளைப் பிரிப்பதையே விட்டுவிட்டாள். வேண்டிய பாத்திரத்தை மட்டும் உருவிக்கொண்டு மறுபடி மூடிவிடுவாள்.

தேரைச் செய்தி வந்ததும் அவள் சொன்னாள்: "இங்கேருந்தும் துரத்தினா, அடுத்த ஊருக்கு நீயும் உன் விசிலும் மட்டும் போங்க. நான் எங்கக்கா வீட்டுக்குப் போறேன்."

"என் காலு சில்லிட்டுப் போச்சாம் ஜுரேமா. நான் என்ன பண்ண?"

"யோவ், இத்தனை வருஷமா உன் பக்கத்துல படுக்கிறவ நானு. உன் காலு நல்லா அடுப்பு மாதிரிதான் இருக்கு. சில்லிட்டது உன் மூளை. இதே மகான் முன்னாடி ரெண்டு ஊர்ல தோண்டினப்பவும் நீ பக்கத்துலதானே நின்னே? என்னத்தப் பார்த்தே?"

ஒலெகாரியோ யோசித்தார். முதல் ஊரில் வாயைப் பிளந்துகொண்டு நின்றதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டாவது ஊரில் ஒரு வாரமாக மழை. குழி முழுக்கக் கஞ்சி மாதிரி சேறு. அதிலிருந்து வெளியே வந்த தேரையோ அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று இருந்தது. இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. இரண்டு ஊரிலும் அவர் நாற்காலியில் அடுத்து வந்து உட்கார்ந்தவன் வால்தெசிர், மகானின் மைத்துனன்.

ஞாயிறு காலை தலைவர் அதெமார் நெளிந்துகொண்டே வந்தார். "வாத்தியாரே, மனசுல வச்சுக்காதீங்க. தேரை வந்துட்டா நீங்க கிளம்ப வேண்டியதுதான்."

"வரலேன்னா?"

"வராம எப்படி? மகானே வந்திருக்காரே!"

என்ன ஒரு தர்க்கம்! நீதிமன்றத்திலேயே வைக்கலாம்.

மகான் மைதானத்துக்குள் நடந்தார். வெள்ளை அங்கி. அதன் ஒவ்வொரு கையும் தலையணை உறை அகலம். கோல் கம்பத்தருகே கண்ணை மூடினார். மண்வெட்டியை ஓங்கினார். அந்த நேரம் பார்த்து ஒலெகாரியோ ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"ஒரு நிமிஷம் மகானே! நம்ம ஊரைக் காப்பாத்த வந்தவரு நம்ம சட்டை போடாம தோண்டலாமா? இந்தாங்க, பத்தாம் நம்பர்!"

"சட்டை! சட்டை!" என்று மாமரம் கத்தியது. மதில் கத்தியது. பாதிரியார் குடையை ஆட்டினார்.

மகான் முகம் கறுத்தது. "என் சக்தியே இந்த அங்கிலதாம்பா இருக்கு."

"அப்படியா? அப்போ அங்கிய எனக்குக் குடுங்க, நானே தோண்டிடறேன். நீங்க ஏன் வெயில்ல கஷ்டப்படணும்?"

கூட்டம் சிரித்தது. பக்தர்கள் சிரிக்க ஆரம்பித்தால் மகான்களுக்கு ஆகாது. எவிலாசியோ அவசரமாக அங்கியைக் கழற்றி, மடித்து, வலையோரம் பத்திரமாக வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார். அரைக்கைச் சட்டை. தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. தோண்டினார். மண்புழு வந்தது. பீர் மூடி வந்தது. இடுப்பளவு தோண்டியும் தேரை வரவில்லை.

"அந்தக் கோலுக்கு ஓடிடுச்சு," என்றார் மூச்சிரைக்க.

"வாயைத்தானே தைச்சாங்க, காலைத் தைக்கல," என்று மாமரத்திலிருந்து ஒரு குரல் ஆமோதித்தது.

எதிர்க் கோலிலும் தோண்டினார். அங்கே புழுவும் இல்லை.

"அங்கி இல்லாம அது வராது!" என்று கத்தினார்.

"இதோ," என்று ஒலெகாரியோ ஓடிப் போய் அங்கியை எடுத்தார். எடுத்தவர், நல்ல மனிதர், ஒட்டியிருந்த புல் போகட்டும் என்று ஒரு உதறு உதறினார்.

அங்கியின் இடது கையிலிருந்து ஒரு தேரை விழுந்தது. வலது கையிலிருந்து இன்னொன்று. இரண்டும் காய்ந்து கருவாடாகி, வாயில் சிவப்பு நூல் தையலோடு இருந்தன. பின்னாலேயே மிச்ச நூல் சுற்றிய கட்டை உருண்டு வந்து கோல் கோட்டருகே நின்றது.



"ஒண்ணு நமக்கு. இன்னொண்ணு அடுத்த ஊருக்கு," என்றார் ஒலெகாரியோ ஒலிபெருக்கியில்.

பிறகு எழுந்த சிரிப்பில் மாமரக் கிளை ஒன்று முறிந்தது. மகான் பத்தாம் நம்பர் சட்டையோடு வேலி தாண்டினார். அந்த வருஷம் அந்தச் சட்டை அவ்வளவு வேகமாக ஓடியது அன்றுதான். அவருக்கு முன்னால் ஓடிய வால்தெசிரின் கழுத்தில் விசில் ஆடிக்கொண்டிருந்தது. பாவம், வேலைக்குத் தயாராகவே வந்திருந்தான்.

அன்றைய ஆட்டத்திலும் கழகம் தோற்றது. அதெமார் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

"தேரையும் இல்ல. அப்புறம் எதுக்குத் தோத்தோம் வாத்தியாரே?"

"சொல்லட்டுமா? நடுவுல கோல் போட நிக்கிற ஆளு பந்து வந்தா ஒதுங்கி வழி விடுறாரு. பயிற்சிக்கு வர்றதே இல்ல. அவரு உங்க மருமகன்."

அதெமார் குழியை எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "இன்னும் கொஞ்சம் ஆழமாத் தோண்டிப் பாக்கலாமா?"

ஆனாலும் அடுத்த ஞாயிறு மருமகன் பெஞ்சில் உட்கார்ந்தான். கழகம் சமன் செய்தது. ஜுரேமா நெடுநாளுக்குப் பிறகு ஒரு பெட்டியை முழுசாகப் பிரித்தாள். ஒன்றுதான். மற்றதெல்லாம் சீசன் முடியட்டும் என்றுவிட்டாள். அந்த ஊரிலேயே யோசிக்கத் தெரிந்தவள் அவள்தான்.

குழி இன்னும் மூடப்படவில்லை. பக்கத்து ஊரில், சட்டையில்லாமலே தேரை எடுக்கிற ஒருவர் வந்திருப்பதாகப் பேச்சு. பெரிய தாடியாம். போகிறவர்கள் போங்கள், நான் தடுக்கவில்லை. மீனுக்குச் செவுளைப் புரட்டுகிற அதே விரலால் அந்தத் தாடியையும் ஒரு தரம் புரட்டிப் பார்த்துவிடுங்கள்.