நாலு கோல், ஒரே இடம்

நடு வைப்ரஃபோன் இந்த வருஷம் எனக்குத்தான் என்று முடிவு செய்தேன். உறுதியான முடிவு. மனைவியிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடிவு மாறியிருக்கும்.

அமெரிக்காவில், எங்கள் இண்டியானா மாநிலத்தில், குளிர்காலம் வந்தால் தாளக் குழுக்கள் கூடைப்பந்து அரங்குகளில் இறங்கிப் போட்டி போடும். எங்கள் ஊர்க் குழுவில் வைப்ரஃபோன், அதாவது உலோகப் பட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் மேஜை நீளக் கருவி, இரண்டு. ஓரத்தில் இருப்பதற்கு ஆள் இருக்கிறது. நடுவில் இருப்பதுதான் சிம்மாசனம். விளக்கு அங்கேதான் விழும். தனி வாசிப்பும் அங்கேதான். அந்த இடம் காலி, தேர்வு வைத்துத்தான் ஆள் எடுப்பார்கள். அதற்குத் தகுதியான ஆட்கள் ஊரில் இரண்டு பேர். ஒன்று நான். இன்னொன்று என்னோடு ஒரே கட்டிலில் தூங்குகிறது.

டெஸ்ஸாவுக்கும் எனக்கும் பத்தொன்பது வயசு. ஜூனில் பள்ளி முடிந்தது, ஜூலையில் கல்யாணம். ஏன் கல்லூரிக்குப் போகவில்லை என்று நீங்களும் ஆரம்பிக்காதீர்கள், என் மாமியார் கேட்கிறது போதும். நான் டயர் கடையில். அவள் பல் டாக்டர் கிளினிக்கில், போன் எடுக்கிற வேலை. மாடியில் வாடகைக்கு இரண்டு அறை. முன்னறையில் சோபா கிடையாது, வைப்ரஃபோன் உண்டு. மேலே துணியை விரித்தால் அதுதான் சாப்பாட்டு மேஜை.

குழுவில் சேர்ந்தால் வார இறுதி முழுக்க ஒத்திகை. இடம் கிடைத்தவர் வாசிக்கலாம். கிடைக்காதவர் துணி துவைக்கணும், நாயைக் குளிப்பாட்டணும், ஞாயிறு மதியம் மாமியார் வீட்டில் டூனா மீனும் நூடுல்ஸும் கலந்து வேகவைத்த கேசரோல் சாப்பிடணும். கூடவே மாமனார் தன் புல்வெட்டும் இயந்திரத்தின் முழு வரலாற்றையும் சொல்லுவார். இப்போது புரிகிறதா, நான் ஏன் இவ்வளவு தூரம் போனேன் என்று?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் என்னைவிட நன்றாக வாசிப்பாள். ஒரு கையில் இரண்டு கோல், ஆக நாலு. என் கையில் இரண்டு கோல் வேலை செய்யும், மற்ற இரண்டும் வேடிக்கை பார்க்கும். அவள் கையில் நாலுக்கும் சம்பளம் கொடுக்கலாம். எங்களிடம் இருக்கும் பாட்டுப் புத்தகத்தின் முன்பாதி நடுத்தரக் கைகளுக்கு, பின்பாதி தேர்ந்த கைகளுக்கு. நான் முன்பாதியின் கடைசிப் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன். அவள் பின்பாதியில் வீடு கட்டிக் குடியேறிவிட்டாள். நான் தடுமாறினால் காலடி மிதியை அழுத்தியே வைத்திருப்பேன். தப்பும் சரியும் கலந்து ஒரே ரீங்காரமாகிவிடும். அவளுக்கு அந்தத் தேவையே இல்லை. எரிச்சலாக இருக்கும்.

ஆக, நேர்வழி அடைப்பு. வேறு வழி தேடினேன்.

ஒரு கையில் இரண்டு கோலைப் பிடிக்க இரண்டு விதம் உண்டு. காம்புகள் உள்ளங்கையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குறுக்குப் பிடி. ஒன்றையொன்று தொடாமல் விலகி நின்றால் தனிப் பிடி. எங்கள் குழுவில் எல்லோரும் தனிப் பிடிதான். ஒருவர் மாற்றிப் பிடித்தால் வரிசையே கோணலாகத் தெரியும், நடுவர் மார்க்கை வெட்டுவார். ஒரு பிடிக்குப் பழகிய கையை இன்னொன்றுக்கு மாற்றினால் அது ஒன்றாம் வகுப்புக்குத் திரும்பிவிடும்.

புரிந்ததா? அவளை ஒன்றாம் வகுப்புக்கு அனுப்புவதுதான் திட்டம்.

சாப்பிடும்போது ஆரம்பித்தேன்.

"டெஸ், விஷயம் தெரியுமா? இந்த வருஷம் எல்லாருக்கும் குறுக்குப் பிடியாம்."

"யாரு சொன்னா?"

"மிஸ் கோவாக்." குழுவின் பயிற்சியாளர் அவர்தான்.

"உன்கிட்டயா?"

"டயருக்காகக் கடைக்கு வந்தாங்க."

"போன மாசம்தானே நாலும் புதுசாப் போட்டாங்க? நீதானே வந்து சொன்ன?"

"ஆணி குத்திடுச்சு."

"நாலுலயுமா?"

"ஒண்ணுலதான்! நீ என்ன போலீஸா?"

என் காதுப் பக்கம் பார்த்தாள். முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சரி வேட். அப்ப மாத்திக்க வேண்டியதுதான்."

அவ்வளவுதான். நம்பிவிட்டாள்! எனக்கே பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

மறுநாளே தொடங்கிவிட்டாள். கோல்கள் கையை விட்டுப் பறந்தன. ஒன்று நாயின் மேல் விழுந்தது. இன்னொன்று உருண்டுபோய் ஃபிரிஜ்ஜுக்கு அடியில் தங்கிவிட்டது. கீழ் வீட்டு கர்ட் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார். எனக்கு அது கைதட்டல் மாதிரி கேட்டது.

"நீ ஏன்டா பழகல?" என்றாள்.

"கடையில பழகறேன். மதிய இடைவேளைல."

"இங்க பழகினா என்ன?"

"உன் முன்னாடி தப்பு விடக் கூச்சமா இருக்கு டெஸ்."

"அட என் செல்லமே!" என்று கன்னத்தைக் கிள்ளினாள். கடையில் நான் பழகியது தனிப் பிடிதான், டயர் அடுக்கின் மேல்.

ஒரே ஒரு தொந்தரவு. அவளுக்கு விரலிடுக்கில் கொப்புளம் வந்துவிட்டது.

"தண்ணி பட்டா எரியுது வேட்."

கொப்புளத்துக்குக் காரணமே நான். எப்படி மாட்டேன் என்பது? பாத்திரம் தேய்த்தேன். துணி துவைத்தேன். நாயைக் குளிப்பாட்டினேன். "கை வலிக்குது, நீ மட்டும் போயிட்டு வா" என்றாள், ஞாயிற்றுக்கிழமைகளில் கேசரோலுக்கும் நானே போனேன். குற்ற உணர்ச்சி இருந்தால் பாத்திரம் எப்படிப் பளபளக்கிறது தெரியுமா? பரவாயில்லை, தேர்வு வரைக்கும்தானே என்று பல்லைக் கடித்தேன்.

தேர்வு நாள். பள்ளி அரங்கம். மற்ற இடங்களுக்கு வந்தவர்கள் எல்லோரும் தனிப் பிடியில் வாசித்தார்கள். டெஸ்ஸாவின் முகம் எப்போது வெளுக்கும் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் சூயிங்கம் மென்றுகொண்டிருந்தாள்.

என் முறை. வாழ்நாளிலேயே நன்றாக வாசித்தேன். மிதியைக்கூட நேரத்துக்கு விட்டேன்.

"பிரமாதம் வேட்!" என்றார் மிஸ் கோவாக். "சரி, இப்ப குறுக்குப் பிடி."

"என்னது மிஸ்?"

"நடு வைப்ரஃபோனோட தனி வாசிப்பை இந்தத் தடவை குறுக்குப் பிடிக்குத்தான் எழுதியிருக்கேன். மத்தவங்க அசையாம நிக்கணும். நடுவுல ஒரே ஆள், வேற பிடி. நடுவர் கண்ணு வேற எங்க போகும்?"

"எப்ப மிஸ் இப்படி முடிவாச்சு?"

"டெஸ்ஸா போன் பண்ணா. 'குறுக்குப் பிடி கேட்டீங்களா'ன்னா. இல்லையேன்னேன். 'நான் பழகிட்டிருக்கேன், ரெண்டு பிடியும் தெரிஞ்ச ஆள் கிடைச்சா என்ன செய்வீங்க'ன்னா. அன்னிக்கே எழுத உக்காந்துட்டேன். நீயும் தினம் மத்தியானம் கடையில பழகறியாமே? அவ ரொம்பப் பெருமையாச் சொன்னா. எங்க, வாசி பாக்கலாம்."

வாசித்தேன். அதாவது, வாசிக்கக் கோலை எடுத்தேன். மூன்றாவது அடியில் ஒன்று எகிறி மிஸ் கோவாக்கின் காபிக்குள் விழுந்தது. அடுத்தது எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

பிறகு டெஸ்ஸா வாசித்தாள். முதலில் தனிப் பிடி. அப்புறம் நடையை நிறுத்தாமலே கோல்களை உள்ளங்கையில் உருட்டிக் குறுக்குப் பிடிக்கு மாறினாள். தோற்றுக்கொண்டிருந்த எனக்கே கைதட்டத் தோன்றியது. தட்டினேன். வேறு என்ன செய்ய?

வெளியே கார் நிறுத்துமிடத்தில் அவளைப் பிடித்தேன்.

"எப்பக் கண்டுபிடிச்ச?"

"நீ ஆணின்னு சொன்னப்பவே. உனக்குப் பொய் வந்தா காது செவக்கும்."

"அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமே!"

"கேட்டிருந்தா பாத்திரம் யாரு தேச்சிருப்பா?"

"அந்தக் கொப்புளம்?"

"அதுவா? முதல் வாரமே ஆறிடுச்சு."

மிஸ் கோவாக் பின்னாலேயே ஓடி வந்தார். "வேட், நில்லு! உனக்கும் குழுவுல இடம் இருக்கு!"

சட்டென்று திரும்பினேன். ஓர வைப்ரஃபோனா? மணிகளா? தாம்பாளமே கொடுத்தாலும் தட்டத் தயார்!

"நம்ம கருவிங்களை அரங்கத்துக்குள்ள தள்ளிட்டு வர வீட்டு ஆளுங்க வேணும்ல? டெஸ்ஸா உன் பேரை அப்பவே குடுத்துட்டா. இந்தா, உன் சட்டை."

எங்கள் ஊரில் அந்த வேலையைச் செய்வது அப்பாக்கள் மட்டும்தான், ஒவ்வொரு அப்பாவுக்கும் தன் மகள்தான் நடு என்பதால், சட்டையின் முதுகில் எல்லோருக்கும் ஒரே அச்சு: "நடுவில் நிற்பது என் மகள்."