புல் வெட்டும் மெஷினின் குடம் உடைந்தது குறித்து

திருமயம்,
14-3-1963.

பொன்மலை ரயில்வே பட்டறையில் பிட்டராகப் பணிபுரியும் திரு. நாகராசு அவர்கள் சமூகத்திற்கு, தாலுகா ஆபீஸ் சர்வே செக்ஷனில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற ஆவுடையப்பன் எழுதிக்கொண்டது.

விஷயம்: பெட்ரோலில் ஓடும் புல் வெட்டும் மெஷினில் கத்தியைத் தாங்கும் குடம் உடைந்துபோனது, புதிது செய்து தரக் கோருதல்.

பார்வை: தங்களுடைய 1954ஆம் வருஷத்துக் கடிதம். (பதில் எழுதப்படவில்லை.)

இங்கே அனைவரும் சௌக்கியம். அங்கே தாங்கள், தங்கள் மனைவி மருதாயி, பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியம் என்பதை கீரனூர் வழியாகப் போகும் பஸ்ஸின் கண்டக்டர் சிவசாமி மூலம் அவ்வப்போது தெரிந்துகொள்கிறேன். நானாக விசாரிப்பதில்லை, அவராகச் சொல்கிறார்.

தாங்கள் என்னுடைய உடன்பிறந்த தம்பி என்பது உண்மைதான். ஆனால் நம் இருவருக்கும் இடையே நாலடி நிலத்துக்காக ஒன்பது வருஷமாக கோர்ட்டில் கேஸ் நடக்கிறது. ஆகவே இது அண்ணன் தம்பிக்கு எழுதும் கடிதமல்ல, ஒரு பொதுஜனம் ஒரு பிட்டருக்கு எழுதும் கடிதம் என்று எடுத்துக்கொள்ளவும். மேலே எழுதிய வரிகளைப் படித்துவிட்டு என் மனைவி சொர்ணம், "கூடப் பொறந்தவுகளுக்கு இப்படியா எழுதுவாக? சிரஞ்சீவின்னு போடுங்க" என்றாள். போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் அதை எடுத்துக்கொண்டு போய் ஜட்ஜிடம் நீட்டிவிடுவார் என்று விளக்கினேன். "எதிர்த்தரப்பு யாரு, நம்ம சின்னவுகதானே" என்றாள். அவளுக்குச் சட்டம் தெரியாது.

மெஷின் வந்த கதையைச் சொல்லாவிட்டால் விஷயம் புரியாது. நம்ம மகள் செவந்தியைக் கட்டிய மாப்பிள்ளை முத்துராமன் மலேயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிளார்க் என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். கலியாணத்துக்குத் தங்களுக்குப் பத்திரிகை வைக்கவில்லை, ஆனாலும் தெரிந்திருக்கும். அந்தத் தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது தன் பங்களாவில் புல் வெட்டுகிற மெஷினை மாப்பிள்ளைக்குப் பிரியமாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மாப்பிள்ளை அதைப் பிரியமாகக் கப்பலில் ஏற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்ப, போன வருஷம் ஆனியில் அது மாட்டு வண்டியில் நம் வாசலில் வந்து இறங்கியது. பார்ப்பதற்குக் கவிழ்த்துவைத்த அண்டாவுக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். அண்டாவின் முதுகில் என்ஜின். என்ஜினின் தண்டு அண்டாவுக்குள் இறங்கி, அதன் முனையில் ஒரு முழ நீளக் கத்தி காற்றாடி போலச் சுற்றும். தண்டையும் கத்தியையும் சேர்த்துப் பிடிக்கிற இரும்பைத்தான், வண்டிச் சக்கரத்துக்குச் சொல்வது போல, இங்கே குடம் என்கிறார்கள். கூடவே மாப்பிள்ளையின் கடிதம்: "மாமா, வாரத்துக்கு ஒரு தடவையாவது ஓட்டுங்க. சும்மா கெடந்தா துருப்பிடிச்சிரும்."

மாப்பிள்ளை சொல்லைத் தட்ட முடியுமா? ஆனால் ஓட்டுவதற்குப் புல் வேண்டுமே. நம் ஊரில் புல் என்று ஒன்று தலை நீட்டினால் மெஷின் போவதற்குள் ஆடு போய்விடும். வயலில் ஓட்ட முடியாது, களத்தில் ஓட்டினால் சரளைக்கல் பறக்கிறது. யோசித்துப் பார்த்ததில் இந்தச் சுற்று வட்டாரத்திலேயே புல் செழிப்பாக நிற்கிற இடம் ஒன்றே ஒன்றுதான் என்று தெரிந்தது. அது நம் கேஸ் நிலம். தீர்ப்பு வரும்வரை இரு தரப்பும் அதில் உழக் கூடாது, விதைக்கக் கூடாது, மாடு கட்டக் கூடாது என்று கோர்ட் உத்தரவு. ஒன்பது வருஷமாக யாரும் கால் வைக்காததால் அருகும் கோரையும் முழங்காலுக்கு மேல் வளர்ந்து கிடந்தது. உத்தரவை எடுத்து இரண்டு தடவை வரிவரியாகப் படித்தேன். புல் வெட்டக் கூடாது என்று எங்கேயும் இல்லை. மெஷின் ஓட்டக் கூடாது என்றும் இல்லை. ஆக, நான் சட்டத்துக்கு உட்பட்டே நடந்தேன் என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆறேழு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. வெள்ளிக்கிழமை காலையில் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றை இழுத்தால் பாதி ஊர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கும். போன தை மாதக் கடைசி வெள்ளியில் மேற்குக் கோடியில், எப்போதும் கோரை அடர்ந்திருப்பதால் போகாமல் விட்டிருந்த மூலையில், முதல் தடவையாக உள்ளே தள்ளினேன். டணார் என்று ஒரு சத்தம். என்ஜின் நின்றுவிட்டது. அடியில் ஏதோ ஒரு கல். சாய்த்துப் பார்த்தால் கத்தி தொங்குகிறது, குடம் நடுவில் பிளந்திருக்கிறது. சாய்த்த வேகத்தில் பெட்ரோல் முழுக்க என் வேட்டியில். கல்லை யார் அங்கே போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. கல் விஷயத்தில் நான் இப்போது எதுவும் பேசுவதாக இல்லை. நம் எல்லைக்கல்லை 1952இல் பிடுங்கி எறிந்தது யார் என்பதையும் இந்தக் கடிதத்தில் நான் கிளறப்போவதில்லை. அது ஊருக்கே தெரியும். ஊரைக் கூட்டி நானே சொல்லியிருக்கிறேன்.

உடைந்த குடத்தைத் துண்டில் முடிந்துகொண்டு புதுக்கோட்டைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லேத் வைத்திருக்கும் சின்னப்பிள்ளை நல்ல வேலைக்காரர், ஆனால் மரியாதை அதிகம். "சீமைச் சாமானுங்களா? இது என்னங்க, வார்ப்பு இரும்பு, அப்பளம் மாதிரி இருக்கு. ஒங்களுக்குப் போயி நான் இப்படி மெலிசாச் செஞ்சு தரலாங்களா?" என்று சொல்லி, பழைய லாரி அச்சில் இருந்து ஒரு துண்டை வெட்டிக் கடைந்தார். தண்டுக்கும் குடத்துக்கும் நடுவே நகக்கண் அளவில் மெத்தென்ற உலோகத்தில் ஒரு துண்டு இருந்தது. அதையும் தூக்கிப் போட்டுவிட்டுக் கெட்டி எஃகில் ஒன்று வைத்தார். "இனிமே மெஷின் ஒடைஞ்சாலும் இது ஒடையாதுங்க" என்றார். நானும் அதை வாழ்த்து என்று நினைத்து வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் நானே பொருத்தினேன். என்ஜின் ஓடியது, கத்தி சுற்றியது, புல் மட்டும் வெட்டுப்படவில்லை. அப்படியே தலை சாய்த்துச் சாய்த்துச் சுகமாக ஆடியது. கத்தியைத் தலைகீழாக மாட்டியிருக்கிறேன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. சொர்ணம் வேலியோரம் நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "காத்து நல்லா வருது. கூடத்துக்குக் கொண்டாங்க, வேர்க்குது" என்றாள். முப்பது வருஷம் சர்க்காரில் இருந்தவனிடம் பேசுகிற பேச்சா இது? மறுநாள் திருப்பி மாட்டினேன். இந்தத் தடவை வெட்டியது. வெட்டிக்கொண்டே நேராக மேற்கு மூலைக்குப் போய் அதே கல்லில் மோதியது. அந்த மூலைப் பக்கம் போகக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அன்றைக்கு வேடிக்கை பார்க்க ஆள் அதிகம்.

சின்னப்பிள்ளை சொன்ன வாக்கு பலித்தது. குடம் உடையவில்லை. மெஷின் எகிறி வேலி மேல் விழுந்து, அங்கே கிடந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. இப்போது கயிற்றை இழுத்தால் அதற்கு அருள் வந்தது போல உடம்பெல்லாம் ஆடுகிறது. "வேப்பிலை பறிச்சிட்டு வரவா?" என்றாள் சொர்ணம். குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்த கதையாக, என்ஜின் தண்டே வளைந்துவிட்டது.

மறுபடியும் சின்னப்பிள்ளையிடம் மெஷினோடு போனேன். முதலில் பிளக் ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் அடியில் கையை விட்டார். எனக்கு அது தெரியாமல் இத்தனை நாள் பத்து விரலோடு இருப்பது ஈசன் செயல். பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "தப்புப் பண்ணிட்டேங்க. அது ஒடையணும்னுதாங்க வெள்ளைக்காரன் மெதுவா வெச்சிருக்கான். கல்லுல மோதுனா அது ஒடைஞ்சிரும், தண்டு பொழைச்சுக்கும். நான் கெட்டியா வெச்சேன், அடி பூராம் தண்டுல போயிருச்சு" என்றார். இனி தண்டை மயிரிழை பிசகாமல் நிமிர்த்தி, குடத்தைச் சரியான பதத்தில் செய்ய இந்த ஊரில் ஆள் இல்லையாம். "பொன்மலைப் பட்டறையில நாகராசுன்னு ஒரு பிட்டர் இருக்காருங்க. அவரு கை வெச்சா அளவு பேசும். ஒங்க பக்கத்து ஆளுன்னுகூடச் சொன்னாக. தெரியுங்களா?"

கேள்விப்பட்டிருக்கிறேன் என்றேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சித்திரை முதல் வாரம் மாப்பிள்ளையும் செவந்தியும் கப்பலில் வருகிறார்கள். கலியாணமாகிப் போன பிறகு இதுதான் முதல் தடவை. வந்ததும் மாப்பிள்ளை மெஷினைக் கேட்பார். அது ஓட வேண்டும். இல்லாவிட்டால் பிரியமாகக் கொடுத்ததைப் பாழாக்கிவிட்டோம் என்று ஆகும். ஆகவே வளைந்த தண்டையும் பிளந்த குடத்தையும் மாதிரிக்கு சிவசாமி பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன். தண்டை நிமிர்த்தி, குடம் ஒன்று செய்து, அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பினால் போதும். ரொம்பக் கெட்டியாக வேண்டாம். தாங்கள் நேரில் வர வேண்டிய அவசியம் இல்லை. இந்த உதவியால் கேஸில் என் தரப்பு எந்த வகையிலும் பலவீனப்பட்டதாகக் கருதக் கூடாது.

செவந்தி போன கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தாள். "சித்தப்பா வருவாகளா?" அதைத் தங்களுக்குத் தெரிவிக்கும்படி சொர்ணம் சொன்னதால் தெரிவிக்கிறேன். கலியாணத்தன்றும் அந்தப் பெண் தாலி கட்டுகிற நேரத்தில் பந்தல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். சின்ன வயதில் உன் தோளை விட்டு இறங்க மாட்டாள், சோறு ஊட்டக்கூட நீதான் வர வேண்டும், நீ கீரனூர் பஸ்ஸில் இருந்து இறங்கும்போதே ஓடுவாள். தங்கள் தோளை என்று திருத்திப் படித்துக்கொள்ளவும்.

மருதாயிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். அவர்கள் கேஸில் கட்சிக்காரர்கள் அல்ல.

இப்படிக்கு,
ச. ஆவுடையப்பன்,
ஹெட் கிளார்க் (ஓய்வு).

பின்குறிப்பு (17-3-1963): இந்தக் கடிதத்தை மூன்று நாள் முன்னால் எழுதி ஒட்டாமல் வைத்திருந்தேன். புதுக் குடம் வருவதற்குள் அந்தப் பாழாய்ப்போன கல்லைப் பெயர்த்துப் போடலாம் என்று நேற்றுக் காலை கடப்பாரையும் மண்வெட்டியுமாக மேற்கு மூலைக்குப் போனேன். இரண்டு முழம் தோண்டியும் கல் அசையவில்லை. மண்ணைத் துடைத்துப் பார்த்தேன். தலையில் கூட்டல் குறி கொத்தியிருக்கிறது. அந்தக் குறியை நான் முப்பது வருஷம் பார்த்தவன். நாகராசு, அது நம் எல்லைக்கல். நீ சொன்ன இடத்திலேயே, நாலடி இங்கிட்டு, நட்டது நட்டபடி நிற்கிறது.

யாரும் அதைப் பிடுங்கவில்லை. 1951 கோடையில் நான் கிணறு தூர் வாரினேனே, அந்தச் சேற்றையெல்லாம் கொண்டுபோய் அந்த மூலையில்தான் கொட்டச் சொன்னேன். கல்லை நானே மூடிவிட்டு, அடுத்த வருஷம் காணோம் என்று உன் பேரைச் சொன்னேன். பன்னிரண்டு வருஷ மழையில் சேறு கரைந்து இப்போது கல் தலை நீட்டியிருக்கிறது. சர்வேயர் அளந்து உன் பக்கம் சொன்னபோது, அளந்த சங்கிலி வெயிலில் நீண்டுவிட்டது என்று ஆட்சேபம் எழுதினேன். அந்தச் சங்கிலி நீளவில்லை. வருஷா வருஷம் அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். ஊர் நிலத்தையெல்லாம் அளந்தவனுக்குத் தன் முதுகு தெரியவில்லை.

மண்ணைத் தள்ளி மறுபடி மூடிவிடலாமா என்று ஒரு நாழிகை நினைத்தேன். பொய் எழுதக் கூடாது, ஒரு நாழிகை நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் சொர்ணம் நிற்கிறாள். மண்வெட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

எழுதிய கோப்பைக் கிழிக்கக் கூடாது என்பது என் பழக்கம் என்பதால் மேலே உள்ளதை அப்படியே அனுப்புகிறேன். படித்துவிட்டு நீயும் மருதாயியும் சிரித்துக்கொள்ளுங்கள். கேஸை வாபஸ் வாங்க நாளைக்கு வக்கீலைப் பார்க்கிறேன். வேலியை இன்றைக்கே பிடுங்கி நாலடி இங்கிட்டு நட்டாயிற்று. ஊரைக் கூட்டி உன்னைத் திருடன் என்று சொன்னேன். ஊரைக் கூட்டி நான் சொன்னது பொய் என்றும் சொல்கிறேன். ஆனால் நீ நிற்காமல் எப்படிச் சொல்வது?

இன்னொன்று. இப்போது அந்தப் புல் உன் நிலத்தில் நிற்கிறது. உன் அனுமதி இல்லாமல் அதில் மெஷின் ஓட்டுவது சட்டப்படி அத்துமீறல். அனுமதியைக் கடிதத்தில் கொடுத்தால் செல்லாது, நேரில்தான் கொடுக்க வேண்டும். குடம் செய்ய நேரம் இல்லாவிட்டால் பரவாயில்லை, தம்பி. மாப்பிள்ளைக்கு நான் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். செவந்திக்குத்தான் சொல்ல முடியாது.

புல் மறுபடி வளர ஆரம்பித்துவிட்டது. நீ வந்து சொல்கிறவரை நான் தொட மாட்டேன்.