சவுக்குக் கட்டையும் பன்னிரண்டு வோல்ட்டும்

நான் யாரையும் கை நீட்டி அடிக்கிற ஆள் இல்லை. கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டுவேன். வாழ்க்கையில் ஒரே ஒருவரைத்தான் அடித்திருக்கிறேன். அது என் சொந்த அக்கா. திருப்பதி அலிபிரியில், பட்டப்பகலில், மொட்டைத் தலையும் சந்தனமுமாக மலையிலிருந்து இறங்கி வந்த பக்தர்கள் அத்தனை பேரும் பார்க்க, சவுக்குக் கட்டையால் அடித்தேன். அவள் உயிரைக் காப்பாற்றத்தான் அடித்தேன். (இந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது எங்கள் வீட்டில் இன்றுவரை ஒருத்தரும் சிரிப்பை அடக்கிக்கொண்டதில்லை.)

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் முடித்துவிட்டு நகரியில் விசைத்தறிக் கொட்டகைகளில் மோட்டார் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாண வீட்டுக்குப் போனாலும் சட்டைப் பையில் டெஸ்டர் இருக்கும். தெருவில் எல்லாரும் என்னை 'இன்ஜினீரு' என்று கூப்பிட்டார்கள். அது கேலி என்று எனக்கு உறைக்கவே ஏழெட்டு வருஷம் ஆயிற்று.

தறிக் கொட்டகை வேலையில் எங்களுக்கு இரண்டே பாடம். ஒன்று, தறியின் இரும்புச் சட்டத்துக்குக் கரண்ட் வரவே கூடாது. வந்தால் தொட்ட ஆள் காலி. இரண்டு, அப்படி யாராவது ஒட்டிக்கொண்டால் கையால் பிடித்து இழுக்கக் கூடாது, காய்ந்த கட்டையால் ஓங்கி அடித்துப் பிரிக்க வேண்டும். இதற்கென்றே ஒவ்வொரு கொட்டகை வாசலிலும் ஒரு கட்டை சாத்தியிருக்கும். நான் பார்க்க ஒருவரை அப்படிப் பிரித்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். அன்றிலிருந்து, எனக்கும் ஒரு நாள் அந்தப் பாக்கியம் கிடைக்காதா என்று உள்ளுக்குள் ஓர் ஏக்கம் இருந்தது. வெட்கம்கெட்ட ஏக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அக்காவின் வீட்டுக்காரர், என் மாமா, குவைத்தில் எட்டு வருஷமாக டிரைவர். மகள் ரேவதி பிறந்தபோதும் அவர் அங்கேதான். அந்தத் தடவை லீவில் வந்தபோது அவளுக்கு ஆறு வயது. மூன்று நாள் அவர் பக்கத்திலேயே போகவில்லை. "நம்ம நைனா போட்டோல மீசை வெச்சினுகிறாரு, இவுரு யாரு?" என்று அக்காவின் காதில் கேட்டாள். அதை மாமாவும் கேட்டுவிட்டார். அன்று அவர் சரியாகச் சோறு தின்னவில்லை.

திரும்பிப் போகக் கூடாது என்று அவருக்கும் ஆசை. அக்காவுக்கு அது ஆசை இல்லை, வெறி. அதற்காகத்தான் பிக்கப் வண்டி ஒன்று வாங்கினார்கள். வெள்ளை வெளேர் என்று அழகான வண்டி. திருப்பதியில் கல்யாண மண்டபங்களுக்குக் காய்கறி கொடுக்கிற சுப்பராயுலு என்பவர், ஏர்பேட்டிலிருந்து தினமும் லோடு ஏற்ற ஒரு வண்டி தேடிக்கொண்டிருந்தார். அலிபிரியில் புது வண்டிக்குப் பூஜை போடும்போது தானே வந்து வண்டியைப் பார்ப்பதாகவும், பிடித்திருந்தால் மறுநாளே லோடு தருவதாகவும் சொல்லி அனுப்பினார். லோடு கிடைத்தால் மாமா ஊரிலேயே இருப்பார். கிடைக்காவிட்டால் பத்து நாளில் விமானம். கணக்கு இவ்வளவுதான்.

இங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன்.

குவைத்திலிருந்து வந்த பெட்டியில் மாமா ஒரு குட்டிக் கடையே கொண்டு வந்திருந்தார். கலர் விளக்கு ஓடுகிற பாட்டு செட்டு, இரண்டு மஞ்சள் ஃபாக் லைட்டு, சாமி படத்தைச் சுற்றி ஒட்டுகிற சீரியல் விளக்கு, வண்டியைப் பின்னால் எடுத்தால் பாட்டுப் பாடுகிற ரிவர்ஸ் ஹாரன். இதையெல்லாம் மாட்ட, வண்டி வயரிங் பார்க்கிற, புத்தூர் ரோட்டில் இருக்கும் செல்ஃப் டைனமோ கடையில் வண்டியை விடலாம் என்றார் மாமா.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னா மாமா, ஊட்ல ஒரு எலக்ட்ரீஷியன வெச்சிக்கினு வெளிய போறீங்க? நானூத்தி நாப்பது வோல்ட்டு மோட்டாரையே கண்ண மூடிக்கினு மாட்றவன் நானு. இது சாதா பன்னெண்டு வோல்ட்டு."

(இந்த வாக்கியத்தை நானே, என் வாயாலேயே சொன்னேன். பின்னால் எனக்கு எதிரான முக்கிய சாட்சியம் இதுதான்.)

"டேய், வண்டி வேற, தறி வேறடா. தெரிஞ்சவங்க கையில குடுத்துடலாம்டா" என்றாள் அக்கா.

"கரண்டு எல்லாம் ஒண்ணுதான்க்கா" என்றேன்.

மறுநாள் காலையில் வேலையைத் தொடங்கினேன். பாட்டரியைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதன் ஒரு முனையிலிருந்து கறுப்பு வயர் ஒன்று நேராக வண்டியின் பாடிக்குப் போய், இரும்போடு இரும்பாக போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருந்தது. பாடிக்கே கரண்ட்! புது வண்டியில்! என் அக்காவும் அக்கா மகளும் உட்காரப் போகிற வண்டியில்! இதைச் செய்தவன் மனுஷனா என்று வாய்விட்டுத் திட்டினேன். உடனே போல்ட்டைக் கழற்றி, அந்த வயரைத் துணி சுற்றிக் கட்டிவைத்தேன். பிறகு நான் மாட்டிய சாமான்களுக்கெல்லாம் சாவியோடு சேர்க்காமல், நானே தனித்தனியாகச் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் இழுத்து, நேராகப் பாட்டரியில் முறுக்கிவிட்டேன். பாட்டு செட்டை மட்டும் ஆடாமல் இருக்கட்டும் என்று பாடியில் நன்றாக ஸ்க்ரூ வைத்து இறுக்கினேன்.

என்ஜினுக்கு வேறொரு தடி வயர் போனதால், சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பியது, விளக்கு எரிந்தது, செட்டு பாடியது. விளக்கு மட்டும் கொஞ்சம் சோகையாக எரிந்தது. வெயிலில் அப்படித்தான் தெரியும் என்று மாமாவிடம் அடித்துவிட்டேன். "ஒரு பெரிய ஆபத்துலேர்ந்து உங்க குடும்பத்தக் காப்பாத்திகிறேன் மாமா. அப்புறமா சொல்றேன்" என்று வேறு சொன்னேன்.

அலிபிரிக்குப் போகும் வழியிலேயே வண்டி என்னிடம் ஏதோ சொல்லப் பார்த்தது. எனக்குத்தான் கேட்கவில்லை. ஹாரன் அடித்தால் பாட்டு நின்றது. இண்டிகேட்டர் போட்டால் பாட்டு விக்கல் எடுத்தது. ஸ்பீடு பிரேக்கர் ஒன்றில் மாமா பிரேக்கை மிதித்தபோது, பின்னால் ரிவர்ஸ் ஹாரன் மெல்லிய குரலில் 'டிங் டிங்' என்றது.

"முன்னாடிதான போய்க்கினு கீறோம்? இது இன்னாத்துக்குப் பாடுது?" என்றார் மாமா.

"புது சாமான் மாமா. பழகணும்" என்றேன். (சாமான் எதற்குப் பழக வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.)

அலிபிரியில் புது வண்டிகள் வரிசையாக நின்றன. எங்கள் முறை வந்தது. அர்ச்சகர் பொட்டு வைத்து, மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். மாமா ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் ரேவதி. அன்றுதான் அவளாகவே போய் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். அதைப் பார்த்து அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுப்பராயுலு வெள்ளை வேட்டியில் வண்டியின் பின்பக்கம் நின்று, லோடு ஏற்றும் இடத்தைக் கையால் தட்டிப் பார்த்து, "பாடி ஸ்ட்ராங்காதான் இருக்கு" என்றார்.

அர்ச்சகர் கற்பூரம் ஏற்றியபடி, "லைட்லு அன்னீ வெய்யண்டி, ஹாரன் கொட்டண்டி!" என்றார். மாமா பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு பெரிய லைட்டு, ஃபாக் லைட்டு, சீரியல் விளக்கு, செட்டு எல்லாவற்றையும் போட்டு, ஹாரனையும் ஓங்கி அழுத்தினார்.

அடுத்த நொடி ரிவர்ஸ் ஹாரன் முழுத் தொண்டையில் பாடத் தொடங்கியது. பின்னால் நின்றவர்கள் எல்லாரும் வண்டி பின்னால் வருகிறது என்று சிதறினார்கள். "ஓரி தேவுடா!" என்று அலறிய சுப்பராயுலு, யாரோ உடைத்துப் போட்டிருந்த பூசணிக்காய் மேல் காலை வைத்து, வேட்டியோடு வழுக்கி உட்கார்ந்தார். அதே நேரத்தில் செட்டின் பின்னாலிருந்து புகை வந்தது. மாமா சாவியைத் திருப்பிவிட்டுக் கீழே குதித்துத் தண்ணீர் தேடி ஓடினார். என்ஜின் நின்றது. பாட்டு நிற்கவில்லை. லைட்டு எல்லாம் எரிந்துகொண்டேதான் இருந்தது. உள்ளே ரேவதி!

பாடி முழுக்கக் கரண்ட் பாய்ந்துவிட்டது என்றே நம்பினேன். "யாரும் தொடாதீங்க! ஷாக்கு! ஷாக்கு! முட்டுகோவத்து!" என்று இரண்டு பாஷையிலும் கத்தினேன். கூட்டம் பத்தடி பின்னால் போனது. போகாதவள் அக்கா ஒருத்திதான். அவள் நேராக ஓடிப்போய்க் கதவுப் பிடியைப் பிடித்தாள். புது வண்டி, கதவு இறுக்கம். அவள் முக்கி இழுக்க, உடம்பெல்லாம் ஆடியது.

என் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? கரண்ட் பிடித்துக்கொண்டது, கை விடுபடவில்லை, அக்கா துடிக்கிறாள்! எத்தனை வருஷம் காத்திருந்த நேரம்! சுற்றுமுற்றும் பார்த்தேன். பூக்கடைப் பந்தலுக்கு முட்டுக் கொடுத்திருந்த சவுக்குக் கட்டை கண்ணில் பட்டது. பிடுங்கினேன். பந்தல் பூக்காரம்மாள் தலையில் இறங்கியது. ஓடிப்போய், பாடத்தில் படித்தபடியே, ரப்பர் செருப்பை ஊன்றி நின்று, அக்காவின் மணிக்கட்டில் ஓங்கி ஒரே போடு போட்டேன்.

"அய்யோ, கொன்னுட்டானே பாவி!" என்று அவள் போட்ட கூச்சல் மேல் திருமலைக்கே கேட்டிருக்கும்.

கூட்டத்துக்கு என்ன தெரியும்? ஒரு தடியன், ஏழுமலையான் காலடியில், பச்சைப் பிள்ளையைக் காப்பாற்றப் போன தாயைக் கட்டையால் அடிக்கிறான். அவ்வளவுதான் அவர்கள் பார்த்தார்கள். முதல் அடி எந்தப் பக்கமிருந்து விழுந்தது என்று எனக்குத் தெரியாது. மொட்டையடித்த ஒரு பெரியவர் "கோவிந்தா!" என்று சொல்லிச் சொல்லி முதுகில் வைத்தார். பூக்காரம்மாளும் வந்து தன் பங்கைத் தீர்த்துக்கொண்டார். "காப்பாத்தினேன்! காப்பாத்தினேன்!" என்று நான் கத்தியதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

இதற்குள் வரிசையில் நின்ற ஒரு லாரி டிரைவர், வாயில் பீடியோடு சாவகாசமாக வந்து, வெறுங்கையால் பாட்டரி முனையைப் பிடுங்கிப் போட்டார். பாட்டு நின்றது. புகை அடங்கியது. ரேவதி உள்ளேயிருந்து தானே கதவைத் திறந்துகொண்டு இறங்கி, "நைனா, இன்னொரு தபா பாடச் சொல்லு" என்றாள். அந்த அமளியில் அதை மாமாவால் ரசிக்கக்கூட முடியவில்லை.

லாரி டிரைவர் நான் துணி சுற்றிவைத்த வயரைக் கையில் எடுத்துப் பார்த்து, "இத எவன்யா கழட்டினது?" என்றார். பிறகு அவரே விளக்கினார். வண்டியில் கரண்ட் பாடி வழியாகத்தான் பாட்டரிக்குத் திரும்புமாம். அந்த வழியை நான் அடைத்துவிட்டதால், மொத்த வண்டியின் கரண்டும் நான் பாடியில் ஸ்க்ரூ வைத்து இறுக்கிய பாட்டு செட்டின் நூல் மாதிரி வயரில் புகுந்து திரும்பியிருக்கிறது. மீதி, கிடைத்த சந்தில் எல்லாம் புகுந்து ரிவர்ஸ் ஹாரனைப் பாடவைத்திருக்கிறது. "பன்னெண்டு வோல்ட்டுல எறும்புகூட சாவாதுய்யா. அதுக்காடா அந்தப் பொம்பளய அப்புடி அடிச்ச?" என்றார். எனக்கு அந்த மலை அப்படியே என் மேல் சரிந்துவிடக் கூடாதா என்று இருந்தது.

சுப்பராயுலு வேட்டியில் பூசணி விதையோடு எழுந்து நின்றார். "நீங்க மஞ்சி மனுசங்கதான். ஆனா தக்காளி வேற வண்டியில வரட்டும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

லாரி டிரைவரே அந்த வயரைப் பாடியில் மறுபடி முடுக்கிக் கொடுக்க, ஊருக்குத் திரும்பினோம். அக்காவின் மணிக்கட்டு பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது. "சரி, அப்போ குவைத்துதான்" என்றார் மாமா, ரோட்டைப் பார்த்தபடியே. நான் பின்னால் லோடு ஏற்றும் இடத்தில் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இந்தக் குடும்பத்தை நானே பிரித்துவிட்டேன் என்று மனசு அடித்துக்கொண்டது. புத்தூர் வந்ததும் அக்கா, "எனுக்குக் கட்டு போட்டுக்கினு போலாம்" என்றாள், அவ்வளவுதான்.

எலும்பு முறிந்தவர்களுக்குப் புத்தூர் கட்டு எப்படி என்று தமிழ்நாடு முழுக்கத் தெரியும். எங்களுக்கு அது போகிற வழி. தோள்வரை மூங்கில் பட்டையும் துணியுமாகக் கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அன்றிலிருந்து அவளால் சோறு வடிக்க முடியவில்லை, துணி துவைக்க முடியவில்லை, ரேவதிக்கு ஜடை பின்ன முடியவில்லை. எல்லாம் மாமாதான். முதல் நாள் அவர் பின்னிய ஜடையைப் பார்த்து ஸ்கூலில் சிரித்தார்களாம். நான்காவது நாள் ரேவதி அம்மாவிடம் போகாமல் நேராக அவரிடமே சீப்பை நீட்டினாள். விமானத்துக்கு உரிய நாள் வந்தது. "இந்தக் கையோட இவள எப்புடி உட்டுட்டுப் போறது?" என்றார் மாமா. போகவில்லை. விசாவும் காலாவதி ஆயிற்று. செல்ஃப் டைனமோ கடைக்காரர் ஒரே மதியத்தில் வயரிங்கைச் சரிசெய்து கொடுத்தார். எங்கள் தெருத் தறிக்காரர்கள் புடவைக் கட்டுகளை அந்த வண்டியிலேயே ஏற்றத் தொடங்கினார்கள். மாமா அப்புறம் குவைத் பேச்சையே எடுக்கவில்லை.

பல வருஷம் கழித்து ஒரு பொங்கலன்று, அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். "டேய் இன்ஜினீரு, எலும்பே ஒடயலடா. வெறும் வீக்கம். பத்து நாள்ல அவுத்துடலாம்னுதான் சொன்னாங்க. நான்தான் வலிக்குதுன்னு சொல்லிக்கினு, அவுத்து அவுத்து நானே கட்டிக்கினு, ஒண்ணர மாசம் ஓட்டினேன். நீ அடிச்ச அடியிலதாண்டா எம் புருசன் ஊட்டோட கீறாரு."

பக்கத்தில் வடை தின்றுகொண்டிருந்த மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். "எனுக்கு ரெண்டாவது வாரமே தெரியும்" என்றார் அவர்.

இன்றைக்கும் நான் எங்கள் வீட்டில் எந்த ஸ்விட்ச் பக்கம் போனாலும், பொடிசு முதல் பெரிசு வரை எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்கள். போன மாதம் ரேவதியிடமிருந்து போன். அவளுக்குக் கல்யாணமாகி ஒரு பையன் இருக்கிறான். வீட்டுக்காரருக்குத் துபாயில் வேலை கிடைத்து ஆர்டர் வந்துவிட்டதாம்.

"மாமா" என்றாள். "அந்தக் கட்டய எடுத்துக்கினு ஒருதபா இங்க வந்துட்டுப் போயேன்."